எங்கள் முகத்துக்குக் கீழே எழுதுகிறவர்களுக்கு

எங்கள் பக்கம் படமெடுக்க வரும் புகைப்படக் கலைஞர்களுக்கும், அந்தப் படங்களுக்கு விளக்கம் எழுதும் உதவி ஆசிரியர்களுக்கும், எங்கள் முகங்களைத் தங்கள் அறிக்கைகளில் அச்சிடும் தொண்டு நிறுவனத்தாருக்கும்,



எம். புதுப்பட்டியிலிருந்து எழுதுகிறேன். சிவகாசி அச்சகத்தில் புரூப் பார்ப்பது என் பிழைப்பு. கல்யாணப் பத்திரிகை, காலண்டர், நோட்டுப் புத்தக அட்டை, கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி என்று எது வந்தாலும், அச்சேறும் முன் எழுத்தெழுத்தாகப் படித்துப் பார்க்கிற வேலை. அதனால்தானோ என்னவோ, ஒரு படத்தைப் பார்த்தால் என் கண் முதலில் அதன் கீழே இருக்கும் வரிக்குப் போகிறது. எங்கள் வட்டார மனிதர்களின் முகங்களுக்குக் கீழே நீங்கள் எழுதும் வரிகளைப் பற்றித்தான் இந்த மடல்.

நீங்கள் பெரும்பாலும் இரண்டு சமயங்களில் வருகிறீர்கள். தீபாவளி நெருங்கும்போது ஒரு முறை. எங்காவது பட்டாசு ஆலை வெடித்தால் மறு முறை. முதல் வருகையில் மருந்து படிந்த கைகளையும் வேலைக்கு நடுவே நிமிர்ந்து பார்க்கும் முகங்களையும் எடுக்கிறீர்கள். இரண்டாவது வருகையில் ஆஸ்பத்திரி வாசலில் தரையில் விழுந்து அழுகிறவர்களை எடுக்கிறீர்கள். படங்கள் நன்றாகவே இருக்கின்றன. எங்கள் பெண்களின் களைப்பை, எங்கள் பையன்களின் கூச்சத்தை, எங்கள் பெரியவர்களின் மிடுக்கை உங்கள் கேமரா பிடித்துவிடுகிறது. அதன் கீழே வரும் வரிதான் அத்தனையையும் அழிக்கிறது. “சிவகாசியில் ஒரு பட்டாசுத் தொழிலாளி.” “வறுமையின் முகம்.” “உறவினரை இழந்து கதறும் பெண்.” இவ்வளவுதான். ஒரு பெண் உங்கள் முன் நின்று, முந்தானையைச் சரி செய்துகொண்டு, கண்ணுக்கு நேராகப் பார்த்துக் கொடுத்த முகத்துக்கு நீங்கள் திருப்பிக் கொடுத்தது அந்த ஒரு வரி.

என் கோரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிவகாசியில் எந்த அச்சகத்துக்கும் போய்ப் பாருங்கள். பத்திரிகை அடிக்க வந்தவரிடம் புரூப்பைக் கையில் கொடுத்து, அவர் படித்து, சரி என்று கையெழுத்துப் போட்ட பிறகுதான் மெஷினில் தாள் ஏறும். மணமகளின் பெயரில் ஒரு கால் விடுபட்டாலும் அத்தனை பத்திரிகையும் வீண். முகத்துக்குக் கீழே எழுதும் வரியும் அப்படிப்பட்டதுதான். அது யாரைப் பற்றியதோ அவரிடம், அவருக்குத் தெரிந்த மொழியில் வாசித்துக் காட்டிவிட்டு அச்சிடுங்கள். மற்றபடி நான் சொல்லப் போவதெல்லாம் இது ஏன் அவசியம், எப்படிச் சாத்தியம் என்பதுதான்.

முகத்தை எடுத்துக்கொண்டு ஆளை விட்டுவிடும் வழக்கம் நீங்கள் தொடங்கியதல்ல. 1868 முதல் 1875 வரை ‘இந்திய மக்கள்’ என்ற தலைப்பில் எட்டுத் தொகுதிகளை ஆங்கில அரசு லண்டனில் வெளியிட்டது. நூற்றுக்கணக்கான இந்தியர்களின் படங்கள். ஒவ்வொன்றின் கீழும் இன்ன சாதி, இன்ன குலம், இவர்கள் சுபாவம் இப்படிப்பட்டது என்று குறிப்பு. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் ஊர் ஊராகப் போய் நம் மூதாதையரின் தலையையும் மூக்கையும் அளந்தார். அவரும் கே. ரங்காச்சாரியும் சேர்ந்து 1909-ல் வெளியிட்ட ‘தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்’ ஏழு தொகுதிகள். அதிலுள்ள படங்களைப் பாருங்கள். நிற்கிற மனிதருக்குத் தாய் தகப்பன் வைத்த பெயர் இருந்திருக்கும். கீழே அச்சானது பெரும்பாலும் சாதிப் பெயர் மட்டும்தான். அந்த ஒருவர் தன் கூட்டம் முழுவதற்கும் மாதிரி ஆகிவிட்டார். “ஒரு பட்டாசுத் தொழிலாளி” என்று நீங்கள் எழுதும்போது அதே வேலைதான் நடக்கிறது. சாதி இருந்த இடத்தில் தொழில் வந்திருக்கிறது. ஆள் இன்னும் வரவில்லை.

அச்சில் தன்னை எப்படிக் குறிக்கிறார்கள் என்பதற்காக எங்கள் மண் தலைமுறைக் கணக்கில் போராடியிருக்கிறது. பின்னாளில் பிஷப்பான ராபர்ட் கால்டுவெல் 1849-ல் திருநெல்வேலி நாடார்களைப் பற்றி எழுதிய சிறு நூல் அந்தச் சமூகத்தாரிடையே எழுப்பிய கசப்பு பல பத்தாண்டுகள் ஓயவில்லை. அவர் பார்த்து எழுதினார். எழுதப்பட்டவர்களிடம் கேட்டு எழுதவில்லை. 1910-ல் நாடார் மகாஜன சங்கம் உருவானது. மனுமேல் மனு போட்டார்கள். 1921-ல்தான் சென்னை மாகாண அரசு பழைய பெயரை விட்டுவிட்டு, மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும் பதிவேடுகளிலும் ‘நாடார்’ என்று எழுத இசைந்தது. தன் பெயரைத் தானே சொல்லும் உரிமையை ஒரு சமூகம் சர்க்காரிடமிருந்து எழுதி வாங்க வேண்டியிருந்த வட்டாரம் இது. இங்கே வந்து ஒரு முகத்துக்குக் கீழே யாரையும் கேட்காமல் எழுதுகிறவர் அந்த வரலாற்றைத் தெரிந்துகொண்டு எழுதுவது நல்லது.

சாதியைப் பற்றியே சொல்லிவிடுகிறேன். செய்திக்குத் தேவையில்லாத இடத்தில், அதிலும் இழிவு தொனிக்கும்படி, ஒருவரின் சாதியைக் குறிக்கக் கூடாது என்று இந்தியப் பத்திரிகை மன்றத்தின் நெறிமுறைகளே சொல்கின்றன. சாதிக் கொடுமையைப் பற்றிய செய்தி என்றால் நிலைமை வேறு. அங்கே சாதியை மறைப்பது கொடுமையை மறைப்பதாகும். மத்தாப்புக்குக் கம்பி முக்குகிற ஒரு பெண்ணின் படத்துக்கு அது எதற்கு? ஊரின் பெயரை வைத்தோ தெருவை வைத்தோ நீங்களாக ஊகித்து எழுதுவதை விடுங்கள். இந்தக் கரிசல் பூமியில் வீட்டில் தெலுங்கு பேசுகிற குடும்பங்கள் ஏராளம். பேச்சை வைத்து ‘வெளிமாநிலத் தொழிலாளி’ என்று எழுதிவிடாதீர்கள். அவர்கள் பல நூறு வருடமாக இங்கேதான் இருக்கிறார்கள்.

அடுத்தது பெயர். எங்கள் பெயரை எப்படி எழுதுவது என்று தெரியாமல் வெளியூர்ப் பத்திரிகைகள் தடுமாறுகின்றன. தமிழ்நாட்டில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. முன்னால் ஓர் இனிஷியல், பின்னால் பெயர். அந்த இனிஷியல் தகப்பனாருடையது. இப்போது தாயுடையதும் சேர்கிறது. சாதிப் பட்டத்தைப் பெயருக்குப் பின்னால் போடாமல் விட்டது மறதியால் நடந்ததல்ல. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களை விட்டுவிடத் தீர்மானம் போட்டது. எத்தனையோ பேர் அதன்படி நடந்தார்கள். பிறகு அது ஊர் வழக்கமாகவே ஆகிவிட்டது. இதை அறியாத ஓர் உதவி ஆசிரியர் ‘குடும்பப் பெயர் என்ன’ என்று விடாமல் கேட்டால், கேட்கப்பட்டவர் இரண்டில் ஒன்றைத்தான் சொல்ல முடியும்: தகப்பன் பெயரை, இல்லாவிட்டால் சாதிப் பெயரை. முதலாவதைச் சொன்னால் அடுத்த வரியில் அந்தப் பெண்ணை அவருடைய தகப்பன் பெயராலேயே குறிப்பிடுகிறீர்கள். இரண்டாவதைச் சொன்னால் அவர் விட்டுவிட்டு வந்ததை அவர் தலையில் மறுபடி ஏற்றுகிறீர்கள். இனிஷியலோடு அவர் சொல்கிறபடியே எழுதுங்கள். வயதான பெண்கள் சிலர் இன்றும் கணவர் பெயரைத் தம் வாயால் சொல்ல மாட்டார்கள். வற்புறுத்தாதீர்கள். பக்கத்தில் நிற்கும் பேத்தி சொல்லுவாள்.

எங்கள் ஊருக்கே ஓர் இனிஷியல் இருக்கிறது. புதுப்பட்டிகள் தமிழ்நாட்டில் எண்ணி மாளாது. இதே விருதுநகர் மாவட்டத்தில் வ. புதுப்பட்டி என்று ஒரு பேரூராட்சி இருக்கிறது. ‘எம்.’ என்ற எழுத்தைத் தள்ளிவிட்டுப் ‘புதுப்பட்டி’ என்று எழுதினால், விபத்துச் செய்தியைப் பார்த்து வேறு ஊரில் உள்ள சொந்தக்காரர்கள் நெஞ்சு பதறுவார்கள். எல்லாவற்றையும் ‘சிவகாசி’ என்று எழுதிவிடுவதும் வழக்கமாகிவிட்டது. 2023 அக்டோபர் 17 அன்று எங்களுக்கு அருகே ரெங்கபாளையத்தில் பட்டாசு விபத்தில் 13 பேர் கருகி இறந்தார்கள். பெரும்பாலோர் பெண்கள். அதே நாளில் கிச்சநாயக்கன்பட்டியிலும் ஓர் உயிர் போனது. படங்களுக்குக் கீழே பல இடங்களில் சிவகாசி என்று மட்டும் இருந்தது. இறந்தவர்களுக்கு ஊர் இருந்தது. அதைச் சொல்ல இன்னும் ஒரு சொல்தான் தேவைப்பட்டிருக்கும்.

மரியாதை விகுதியையும் இங்கே சொல்ல வேண்டும். தமிழில் எழுதும் உங்களுக்கு ஆங்கிலத்தில் எழுதுகிறவரை விடக் கூடுதல் பொறுப்பு உண்டு. தொழிலதிபர் ‘வந்தார்’, கூலிக்காரர் ‘வந்தான்’. மந்திரியின் மனைவி ‘கண்கலங்கினார்’, பட்டாசு ஆலைப் பெண் ‘கதறுகிறாள்’. இந்த வித்தியாசத்தை யாரும் திட்டமிட்டுச் செய்வதில்லை. கை பழகிப் போய்ச் செய்கிறது. ஆனால் படிக்கிற பிள்ளைக்குத் தன் அம்மாவின் படத்துக்குக் கீழே ‘ள்’ இருப்பது உறுத்தும். வீட்டுக்குள் நாங்கள் உரிமையோடு வா போ என்று பேசிக்கொள்வோம். அந்த உரிமை உங்கள் பத்திரிகைக்கு இல்லை. அதுபோலவே ‘விதவை’ என்ற அடைமொழியும். செய்தி அதைப் பற்றியதாக இல்லாதபோது, நெற்றியைப் பார்த்தும் கழுத்தைப் பார்த்தும் நீங்கள் முடிவு செய்து எழுதுவது அந்தப் பெண் ஊர் நடுவே அன்றாடம் தாங்குகிற பார்வையை அச்சில் நிரந்தரமாக்குகிறது.

தொழிலைச் சொல்வதானால் தொழிலைச் சரியாகச் சொல்லுங்கள். ‘பட்டாசுத் தொழிலாளி’ என்று ஒரு வேலை கிடையாது. மருந்து கலக்குகிறவர் வேறு, குழாயில் மருந்து அடைக்கிறவர் வேறு. காகிதக் குழாய் உருட்டுகிறவர், திரி வைக்கிறவர், சரம் பின்னுகிறவர், மத்தாப்புக் கம்பியை மருந்தில் முக்கிக் காய வைக்கிறவர், பெட்டி போடுகிறவர், இவர்களையெல்லாம் மேற்பார்க்கும் போர்மேன் என்று ஆலைக்குள் ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை, ஒரு கூலி, ஓர் ஆபத்து. மருந்து அறையில் இருப்பவருக்கும் பெட்டி அறையில் இருப்பவருக்கும் சாவு ஒரே தூரத்தில் இல்லை. எந்த அறை என்று எழுதினால் வாசகருக்கு அந்த முகத்தில் இருக்கும் எச்சரிக்கை புரியும்.

அலுமினியப் பொடி உடம்பெல்லாம் படிந்து வெள்ளி போல் மின்னும் ஆட்களை எடுக்க உங்களில் பலருக்கு ஆசை. எடுங்கள். கீழே ‘வெள்ளி மனிதன்’ என்று கவிதை எழுதாதீர்கள். அவர் என்ன பொடியை எவ்வளவு நேரம் கையாளுகிறார், மூக்கை மூட என்ன கொடுத்திருக்கிறார்கள் என்று எழுதுங்கள். அழகைப் படமே காட்டிவிட்டது. விளக்கம் செய்ய வேண்டியது படத்தால் காட்ட முடியாததைச் சொல்வதுதான்.

இனி, துக்கம். இதைப் பற்றி எழுத எனக்குக் கை தயங்குகிறது. ஆனால் நீங்கள் அதிகம் வருவது அப்போதுதான்.

2004 டிசம்பரில் ஆழிப்பேரலைக்குப் பின் கடலூரில் ராய்ட்டர்ஸ் புகைப்படக்காரர் ஆர்கோ தத்தா எடுத்த படத்தை உங்களில் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். மணலில் ஒரு பெண் விழுந்து கிடக்கிறார். இரண்டு கைகளும் விரிந்து, உள்ளங்கைகள் வானம் பார்த்திருக்கின்றன. ஓரத்தில் இறந்தவரின் கை மட்டும் தெரிகிறது. அந்த ஆண்டின் உலகச் சிறந்த பத்திரிகைப் படமாக அது தேர்வானது. ஒரு பெண் தன் உறவினரின் சாவுக்கு அழுகிறார் என்ற விளக்கத்தோடு உலகம் முழுக்கப் போனது. படத்தின் மேன்மையில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் ஒரு தமிழர் அதைப் பார்த்தால் முதலில் கேட்கும் கேள்வி, யாருக்காக அழுகிறார் என்பதுதான். எங்கள் ஊரில் அழுகை உறவைச் சொல்லித்தான் தொடங்கும். ஒப்பாரி வைக்கிறவர் அம்மாவுக்கு அழுதால் ஒன்று, நாத்தனாருக்கு அழுதால் வேறொன்று. தெருவில் போகிறவர்கூடக் காதில் விழுந்ததை வைத்தே இறந்தது யார் என்று தெரிந்துகொள்வார். ‘உறவினர்’ என்ற சொல்லில் அந்தப் பெண் அன்று இழந்தவர் இல்லை.

எங்கள் மக்களிடம் படவிளக்கத்துக்கு ஒரு மரபே இருக்கிறது. நீங்கள் அதைக் கவனிப்பதில்லை. சாவு விழுந்த வீட்டுச் சுவரில் ஒட்டும் கண்ணீர் அஞ்சலியைப் படித்துப் பாருங்கள். நடுவில் முகம். மேலே தோற்றம், மறைவு என்று இரண்டு தேதிகள். கீழே இனிஷியலோடு பெயர், ஊர். அதற்கும் கீழே மனைவி, மக்கள், மருமக்கள், பேரன் பேத்திகள், தொழில் கூட்டாளிகள் என்று வருந்துகிறவர்களின் பட்டியல். பெயர் விட்டுப் போனால் சண்டை வரும். இந்த வேலையை நான் தினமும் பார்ப்பதால் சொல்கிறேன்: கூலி வேலை பார்த்து இறந்தவருக்கும் கம்பெனி முதலாளிக்கும் அந்தச் சுவரொட்டியின் அமைப்பில் வித்தியாசம் கிடையாது. தாளின் அளவு மாறும், வண்ணம் மாறும். பெயரும் உறவும் இருவருக்கும் உண்டு. இதைக் கடன் வாங்கிச் செய்கிற குடும்பங்கள் இருக்கின்றன. அப்படிப்பட்ட ஊரில் வந்து, இறந்தவரின் பாஸ்போர்ட் அளவுப் படத்தை ஏந்தி நிற்கும் தாயை எடுத்து, ‘விபத்தில் பலியானவரின் உறவினர்’ என்று எழுதினால் அது எங்களுக்கு எப்படிப்பட்டதாக இருக்கும் என்று யோசியுங்கள். அந்தப் படத்துக்குள் இருப்பவர்கள் இரண்டு பேர். இருவருக்கும் பெயர் வேண்டும். நடுவில் உறவு வேண்டும்.

சொல் ஒன்று தவறினால் இறந்தவரின் மேல் பழி விழும். 2012 செப்டம்பர் 5-ல் முதலிப்பட்டி ஆலை விபத்தில் நாற்பது பேர் அளவுக்கு இறந்தார்கள். அவர்களில் பலர் அந்த ஆலையில் வேலை செய்தவர்கள் அல்லர். புகையைப் பார்த்து ஓடி வந்தவர்கள். உள்ளே இருப்பவர்களைத் தூக்கப் போனவர்களும் அதில் உண்டு. அப்படிப் போனவரின் படத்துக்குக் கீழே ‘வேடிக்கை பார்க்கப் போய் உயிரிழந்தவர்’ என்று எழுதினால் அவருடைய பிள்ளைகள் ஆயுசுக்கும் அதைச் சுமப்பார்கள். எதற்காக ஓடினார் என்று அவர் வீட்டில் கேட்க ஐந்து நிமிடம் போதும்.

பெயரைக் கேளுங்கள் என்கிறேன். ஆனால் கேட்ட பெயரையெல்லாம் போட்டுவிடுங்கள் என்று சொல்லவில்லை. பெயரால் வரும் ஆபத்தும் எங்களுக்குத் தெரியும்.

அதே ஆர்கோ தத்தா 2002-ல் குஜராத் கலவரத்தின்போது இன்னொரு படம் எடுத்தார். கைகூப்பி, கண்ணில் நீரோடு உயிர்ப் பிச்சை கேட்கும் ஒரு தையல்காரர். குதுபுத்தீன் அன்சாரி. அந்த முகம் கலவரத்தின் முகமாகவே ஆகிவிட்டது. போன இடமெல்லாம் ஆட்கள் அடையாளம் கண்டுகொண்டார்கள். நிம்மதியாக வேலை பார்க்க முடியவில்லை. ஊரை விட்டுக் கொல்கத்தா போய்ச் சில காலம் இருந்துவிட்டுத் திரும்பினார். அவர் விரும்பாத இடங்களிலெல்லாம், கட்சிப் பிரசாரத்தில்கூட, அந்தப் படம் ஓடியது. அன்று அவர் உயிர் பிழைத்தார். அந்தப் படத்திலிருந்து விடுபடுவது அவருக்கு அதைவிடக் கடினமாக இருந்தது.

எங்கள் பக்கத்தில் ஆபத்து வேறு விதம். உரிமம் ஒருவர் பெயரில் இருக்க, அறைகளை வேறு சிலர் உள்குத்தகைக்கு எடுத்து நடத்துவதுண்டு. அப்படிப்பட்ட இடத்தில் வேலை செய்கிறவர் பெயரோடும் ஊரோடும் உங்கள் படத்தில் வந்தால் மறுநாள் அவருக்கு அங்கே மட்டுமல்ல, சுற்று வட்டாரத்தில் எங்கேயும் வேலை இருக்காது. தீக்காயத்தோடு பிழைத்த பெண்ணுக்கு அவருடைய கல்யாணம், அவர் தங்கையின் கல்யாணம் எல்லாம் அந்தப் படத்தால் பாதிக்கப்படலாம். அவர்களிடம் இதைச் சொல்லிவிட்டுக் கேளுங்கள். எந்தப் பத்திரிகை, எந்த ஊரில் பார்ப்பார்கள், கைப்பேசியில் எத்தனை வருடம் கிடக்கும் என்று சொல்லுங்கள். பெயர் வேண்டாம் என்றால் ‘பெயர் வெளியிட விரும்பவில்லை’ என்று கீழே எழுதுங்கள். அதுவும் அவர் எடுத்த முடிவுதான். பெயரே இல்லாதவர் போல் விட்டுவிடுவதற்கும் அதற்கும் நிறைய தூரம்.

குழந்தைகள் விஷயத்தில் உங்கள் விருப்பத்துக்கோ பெற்றோர் விருப்பத்துக்கோ இடமே இல்லை. சட்டத்துக்குப் புறம்பாக வேலைக்கு வைக்கப்பட்ட குழந்தையை 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் ‘பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை’ என்கிறது. அதன் 74-வது பிரிவின்படி அந்தக் குழந்தையின் பெயர், முகவரி, பள்ளி, படம் எதையும் ஊடகத்தில் வெளியிடக் கூடாது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே. ‘சிவகாசி’ என்றதும் குழந்தைத் தொழிலாளர் படத்தைத் தேடி வருகிற பழக்கம் உங்களில் சிலருக்கு இன்னும் இருக்கிறது. அந்தக் கொடுமை இங்கே நடந்தது. அதை உலகுக்குக் காட்டியதில் பத்திரிகைகளுக்குப் பங்கு உண்டு. அதற்கு நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம். அதற்காக, உருவத்தில் சிறியவரான ஒரு பெண்ணை வயது கேட்காமல் ‘சிறுமி’ என்று எழுதக் கூடாது. பள்ளி விடுமுறையில் பாட்டியோடு திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையைத் தொழிலாளி ஆக்கிவிடவும் கூடாது.

கேட்காமல் எழுதியதால் என்ன ஆகும் என்பதற்கு உலகத்தின் மிகப் புகழ்பெற்ற படங்களே சாட்சி. 1936-ல் கலிபோர்னியாவில் டோரதியா லாங்கே எடுத்த ‘புலம்பெயர்ந்த தாய்’ அமெரிக்கப் பொருளாதாரப் பெருமந்த காலத்தின் அடையாளமாகிவிட்டது. ஏழு குழந்தைகளின் தாய், வயது முப்பத்திரண்டு, பட்டாணி பறிக்கும் ஏழைத் தொழிலாளி என்று விளக்கம் இருந்தது. பெயர் இல்லை. லாங்கே கேட்கவில்லை. நாற்பது வருடம் கழித்து, 1978-ல்தான் அவர் ஃபிளாரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் என்று வெளியுலகுக்குத் தெரிந்தது. செரோக்கி என்னும் பூர்வகுடியைச் சேர்ந்தவர். தன் பெயரைக்கூடக் கேட்கவில்லை, அந்தப் படத்தால் தனக்கு ஒரு காசும் வரவில்லை என்று அவர் மனம் வெதும்பினார். சாப்பாட்டுக்காகக் காரின் டயரை விற்றுவிட்டார்கள் என்று லாங்கே எழுதியதை அந்தக் குடும்பம் மறுத்தது. 1993-ல் சூடானில் கெவின் கார்ட்டர் எடுத்த, கழுகு காத்திருக்கும் குழந்தையின் படத்தை அறியாதவர் குறைவு. ‘சிறுமி’ என்றுதான் உலகம் முழுக்க அச்சானது. 2011-ல் ஒரு ஸ்பானியப் பத்திரிகைக்காரர் அந்த ஊருக்கே போய் விசாரித்தபோது தெரிந்தது, அது பையன் என்று. ஊரில் யாரையாவது கேட்டிருந்தால் பதினெட்டு வருடம் உலகம் தவறாகப் படித்திருக்காது.

சரியாகச் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். பி. சாய்நாத் 2014-ல் தொடங்கிய ‘பாரி’ என்னும் ஊரக இந்திய மக்கள் ஆவணக் காப்பகத்தில் நாடெங்கிலும் உள்ள மனிதர்களின் முகங்களைச் சேர்க்கிறார்கள். பெயர், செய்யும் வேலை, ஊர், வட்டாரம் என்று ஒவ்வொரு முகத்துக்கும் கீழே இருக்கிறது. விவசாயக் கூலியாக இருப்பவருக்கும் மாணவிக்கும் ஒரே வரிசை. நம் மதுரைக்காரர் எம். பழனிகுமார் தூய்மைப் பணியாளர்களையும் மீனவப் பெண்களையும் வருடக்கணக்கில் எடுத்து வருகிறார். அவருடைய படங்களில் இருப்பவர்களுக்குப் பெயரும் கதையும் இருக்கின்றன. அவர்களோடு இருந்து, அவர்கள் பேசக் கேட்டு எழுதுவதால் அது முடிகிறது. ஆகவே இது நடக்காத காரியம் என்று யாரும் சொல்ல முடியாது.

உங்கள் தரப்பில் இரண்டு பதில் வரும் என்று எனக்குத் தெரியும்.

நேரமில்லை என்பீர்கள். இரவு பதிப்பு முடிகிற நேரத்தில் புரூப் காட்ட ஊருக்கு யார் வருவது? வர வேண்டாம். இன்று எங்கள் தெருவில் வாட்ஸ்அப் இல்லாத வீடு அபூர்வம். படத்தையும் கீழே போடப் போகும் வரியையும் அனுப்புங்கள். படிக்கத் தெரியாதவருக்குக் குரல் பதிவாக அனுப்புங்கள். ஆங்கிலத்தில் எழுதினால் தமிழில் சொல்லுங்கள். விபத்து நடந்த அன்றைக்கு அதுவும் முடியாது என்றால், அந்த வீட்டின் சார்பாகப் பேசும் பெரியவரிடமோ ஊராட்சி உறுப்பினரிடமோ பெயரையும் உறவையும் சரி பாருங்கள். மறுநாள் முறையாகக் கேட்டு, தவறு இருந்தால் திருத்தம் போடுங்கள். இணையத்தில் இருப்பதை உடனே மாற்றிவிடலாம்.

இன்னொரு பதில்: அவர்கள் சொல்கிறபடியே எழுதினால் உண்மை மறைந்துவிடாதா? முதலாளி பக்கத்தில் நிற்கும்போது தொழிலாளி ‘எல்லாம் நல்லா இருக்கு’ என்றுதானே சொல்வார்? நியாயமான கேள்வி. ஆலைக்கு உரிமம் இருந்ததா, அறையில் எத்தனை பேர் இருந்தார்கள், தடை செய்த வேதிப்பொருள் இருந்ததா என்பதை நீங்கள் துருவித் துருவி எழுதுங்கள். அதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். எங்கள் உயிருக்கு அதுதான் பாதுகாப்பு. அது உங்கள் செய்தி. முகத்துக்குக் கீழே வரும் வரி மட்டும் அந்த முகத்துக்குரியவருடையது. தன் பெயர், வயது, ஊர், வேலை, உறவு ஆகியவற்றை அவரைவிடச் சரியாகச் சொல்லக் கூடியவர் யாரும் இல்லை.

எடுத்த படத்தில் ஒரு பிரதியையும் அனுப்பி வையுங்கள். ஏமாற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள் என்ற பேச்சு பல வீடுகளில் இருப்பதற்கு, போட்டோ தருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனவர்கள் திரும்பி வராததும் ஒரு காரணம். வயதானவர்களுக்கு அது வெறும் படம் கிடையாது. பலருக்கு அவர்கள் காலத்துக்குப் பின் சுவரில் மாட்டப் போவது அதுவாகவே இருக்கும்.

உங்கள் வேலையை நான் குறைத்து மதிக்கவில்லை. நீங்கள் வராமல் போனால் எங்கள் சாவுகள் மாவட்டப் பக்கத்தின் ஓரத்தில் நான்கு வரியில் முடிந்துவிடும். வாருங்கள், எடுங்கள், எழுதுங்கள். வரும்போது பெயரைக் கேளுங்கள்; இனிஷியலோடு எழுதுங்கள்; ஊரின் பெயரை முழுதாகப் போடுங்கள்; வேலையை அதன் பெயரால் சொல்லுங்கள்; அழுகிறவருக்கு இறந்தவர் என்ன உறவு என்று எழுதுங்கள்; வேண்டாம் என்றவரை விட்டுவிடுங்கள்; குழந்தையின் முகத்தைக் காக்கச் சட்டம் சொல்கிறபடி நடங்கள். எழுதி முடித்த பின், அச்சுக்கு அனுப்பும் முன், அந்த வரியை எங்களிடம் வாசித்துக் காட்டுங்கள். நாங்கள் சரி என்று சொன்ன பிறகு அச்சிடுங்கள்.

அன்புடன்,
புரூப் பார்க்கும் ஊர்க்காரன்
எம். புதுப்பட்டி, விருதுநகர் மாவட்டம்